வரைபடத்தில் இல்லாத நான்கு வீடுகள்

என் கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ ஊரைவிட்டுக் கிளம்புகிறாய். கனிமவளத் துறையில் உதவிப் புவியியலாளர் என்று அச்சடித்த உன் நியமன ஆணையை உன் அப்பா நேற்று தறிக்குடோனுக்கு எடுத்துப் போய் எல்லோரிடமும் காட்டிவிட்டு வந்தார். "தம்பிக்கு என்னங்க வேலை?" என்று தறி ஓட்டுகிறவர் ஒருவர் கேட்டாராம். "கல்லுக் குவாரி, சுரங்கமெல்லாம் சரியா நடக்குதான்னு பாக்கற வேலைங்க" என்று சொன்னதாக மதியம் சாப்பிடும்போது என்னிடம் சொன்னார். அதில் 'சரியா' என்ற இடத்தில் மட்டும் குரலைக் கொஞ்சம் தூக்கிச் சொன்னார். உன் அப்பா எதையும் அழுத்திச் சொல்கிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். நான் அவருக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டேன். சந்தோஷத்தில்தான்.

கிராம நிர்வாக அலுவலராக இருந்த காலம் முழுக்க நான் எழுதியதெல்லாம் சான்றுகள்தான். இன்னார் இன்ன ஊரில் வசிக்கிறார், இன்னாருக்கு இன்னார் வாரிசு, இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது. அப்படியே எழுதிப் பழகிய கைக்கு, பெற்ற பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுத வரவில்லை. மூன்று நாட்களாக எழுதிக் கிழித்து, இதைத்தான் கடைசியில் நிறுத்தினேன். இதை உன் பெட்டியில் துணிக்கடியில் மடித்து வைக்காமல் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். நான் போட்ட ஒரு கையெழுத்து, யாருக்குத் தெரிய வேண்டுமோ அவர்களுக்குத் தெரியாமல் பத்து வருடம் ஒரு கோப்புக்குள் கிடந்தது. அதனால் ஒரு வீட்டுக் கூரை உடைந்தது. அந்தக் கதையை மறுபடியும் மடித்து வைக்க எனக்கு மனம் இல்லை.

அப்போது நீ ஐந்தாம் வகுப்பு. கருமத்தம்பட்டிக்குத் தெற்கே உள்ள ஊரில் எனக்குப் பணி. பள்ளிக்கூடம் திறக்கும் மாதம் என்பதால் சாதிச் சான்று, வருமானச் சான்று என்று அலுவலக வாசலில் கூட்டம் நின்றது. அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் உனக்குப் பெரியப்பா முறையாகும் சொந்தக்காரர், கையில் ஒரு கோப்போடு உள்ளே வந்தார். அவருடைய மானாவாரிக் காட்டில் பாறை இருந்தது. அதில் ஜல்லிக் கல் குவாரி எடுக்க விண்ணப்பம் போட்டிருந்தார். குவாரி எல்லையிலிருந்து முந்நூறு மீட்டருக்குள் குடியிருப்பு எதுவும் இல்லை என்று கிராம நிர்வாக அலுவலர் நேரில் பார்த்துச் சான்று தர வேண்டும். கோப்பில் வரைபடம் தயாராக இருந்தது. அதில் வீடு எதுவும் இல்லை.

"நேர்ல வந்து பாத்துப்போட்டுப் போடறேனுங்க" என்றேன். அவர் சிரித்தார். "இந்த வெயில்ல நீங்க எதுக்குங்க அம்மணி அலையோணும்? சர்வேயர் பாத்துட்டாருங்க. நம்ம காடுதானுங்களே, உங்களுக்குத் தெரியாததா?" நான் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு பைசா வாங்கவில்லை. ரொம்ப வருடங்கள் இதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாங்கியிருந்தால் ஒருவேளை உறுத்தியிருக்கும், திருப்பிக்கூடக் கொடுத்திருப்பேன். நான் கையெழுத்துப் போட்டது மரியாதைக்காக. நம் பக்கத்தில் வயதில் மூத்தவர், சொந்தக்காரர், 'ங்க' போட்டுக் கேட்டால் இல்லை என்று சொல்ல வாய் வராது. அந்தக் காட்டுக்கு வடக்கே புறம்போக்கில் நான்கு வீடுகள் இருந்தது எனக்குத் தெரியும். வாக்காளர் பட்டியலுக்காக நான் ஏறி இறங்கிய வாசல்கள்தான். தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள் தோட்டங்களில் வேலை செய்து, இப்போது மில்லுக்கும் கட்டட வேலைக்கும் போகிற குடும்பங்கள். அவர்களுக்குப் பட்டா இல்லை. அதனால் வரைபடத்தில் இல்லை. வரைபடத்தில் இல்லாததால் என் பேனாவுக்கும் அவை வீடுகளாகத் தெரியவில்லை.

நீ கல்லூரியில் புவியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அது நடந்தது. ஒரு மதியம் குவாரியில் வெடி வைத்தார்கள். தேங்காய் அளவு கல் ஒன்று பறந்து வந்து ஆரோக்கியமேரி வீட்டு அட்டைக் கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுந்தது. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். வலது முன்கை இரண்டாக உடைந்தது. நூல் மில்லில் கோனில் நூல் சுற்றுகிற வேலை அவளுக்கு. அந்தக் கை இல்லாமல் அந்த வேலை இல்லை. தொட்டில் கட்டிய கையோடு ஒரு நாள் என் அலுவலகத்துக்கு வந்தாள்.

"ஏனுங்கம்மா, கலெக்டர் ஆபீசுல மனு குடுத்தமுங்க. குவாரிக்குச் சுத்துவட்டாரத்துல ஊடே இல்லைன்னு பேப்பர் இருக்குதுன்னு சொல்லிப்போட்டாங்க. அப்ப நாங்க எங்கீங்க குடியிருக்கறோம்?"

அந்தப் பேப்பரில் யார் கையெழுத்து என்று அவளுக்குத் தெரியாது. "பாக்கறேன் மேரி" என்று சொல்லி அனுப்பினேன். நான் பார்க்கவில்லை. முதலில் செய்தது பிழை என்று வைத்துக்கொண்டாலும், அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறக்காமல் இருந்தேனே, அதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. அதைப் பிழை என்று நீயும் சொல்லக் கூடாது.

நீ மேரியைப் பேருந்தில் பார்த்துப் பேசியதோ, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் குத்தகைக் கோப்பின் நகல் கேட்டு மனுப் போட்டதோ எனக்குத் தெரியாது. ஒரு காலையில் நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது, உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தாய்.

"அம்மா, இது உங்க கையெழுத்துங்களா?"

"ஆமா கண்ணு."

"நேர்ல போய்ப் பாத்தீங்களா?"

அன்றைக்கு இருந்த கூட்டத்தைச் சொன்னேன். சர்வேயர் பார்த்ததாகச் சொன்னார்கள் என்றேன். பெரியப்பா வந்து நின்றால் எப்படி மறுப்பது என்றேன். நீ எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டாய். கேட்டுவிட்டு, குரலை உயர்த்தாமல் மறுபடியும் அதையே கேட்டாய். "நேர்ல போய்ப் பாத்தீங்களாம்மா?"

"இல்லை" என்றேன்.

"சரிங்கம்மா." உட்கார்ந்து தட்டிலிருந்த தோசையைச் சாப்பிட்டாய். கை கழுவிவிட்டுக் கல்லூரிக்குப் போனாய். நீ கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அதோடு தீர்ந்திருக்கும். அந்த 'சரிங்கம்மா'வை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் பல மாதங்கள் நடமாடினேன்.

அடுத்த வருடம் குவாரியை இன்னும் ஆழமாகவும் வடக்குப் பக்கம் அகலமாகவும் தோண்ட அனுமதி கேட்டார்கள். அதற்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும் என்று சட்டம். சுற்றுச்சூழல் அறிக்கை ஒன்றைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் பார்வைக்கு வைத்தார்கள். செங்கல் கனம் இருந்தது, முழுக்க ஆங்கிலத்தில். தமிழில் சில பக்கச் சுருக்கம் மட்டும். நீ கல்லூரி விட்டு வந்து, சாயங்காலங்களில் சத்துணவுக் கூடத்தில் உட்கார்ந்து, அதை ஊராருக்குப் பக்கம் பக்கமாகத் தமிழில் சொன்னாய். வேடிக்கை பார்ப்பதுபோல் ஒரு நாள் நானும் வெளியே நின்று கேட்டேன். குவாரியில் வண்டி ஓட்டும் ஒருவர் கோபமாக எழுந்தார். "தம்பி, குவாரியை மூடோணும்னு சொல்றீங்களா? எங்க பொழப்பு?" நீ அவரை உட்காரச் சொன்னாய். "மூடோணும்னு நான் சொல்லலீங்கண்ணா. இதுல என்ன எழுதியிருக்குன்னு மொதல்ல தெரிஞ்சுக்குவோம். எவ்வளவு ஆழம், எந்நேரம் வெடி, தண்ணி எங்க போகும்னு. அப்புறம் வேணும்னு சொல்றவங்க வேணும்னு சொல்லுங்க, வேண்டாங்கறவங்க வேண்டாம்னு சொல்லுங்க." அவர் கடைசிவரை இருந்து கேட்டார். அடுத்த நாளும் வந்தார். ஊரைக் கூட்டி ஆவேசமாகப் பேசியிருந்தால் உன்னைப் பார்த்துப் பயந்திருப்பேன். அன்று முதல்முறையாகப் பெருமைப்பட்டேன். அதை உன்னிடம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்பதால் சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன்.

ஒரு ஞாயிறு, நில அளவை டேப்பை எடுத்துக்கொண்டு நீ குவாரி விளிம்பிலிருந்து அளந்தாய். டேப்பின் ஒரு முனையை மேரி இடது கையில் பிடித்துக்கொண்டு நடந்தாளாம். நூற்று நாற்பது மீட்டரில் அவள் வீட்டுச் சுவர்.

கூட்டத்துக்கு முந்தின நாள் நீ என்னிடம் வந்தாய். "நாளைக்கு நான் அளவைச் சொல்லுவேனுங்கம்மா. உங்க பேரைச் சொல்லமாட்டேன்."

"ஏன் சொல்லமாட்டே?"

"அதைச் சொல்றது என்னோட வேலை இல்லீங்க."

நீ நகர்ந்ததும் உன் அப்பாவைப் பார்த்தேன். எனக்கு ஓய்வுபெற இரண்டு வருடம்தான் இருந்தது. நான் என்ன நினைக்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார். "கையெழுத்துப் போட்டவதான் எந்திரிச்சு நிக்கோணும். பையனை நிக்க வெச்சுப்போட்டு நீ உக்காந்திருக்கக் கூடாது. ஆனா நானா உன்னை நில்லுன்னு சொல்லமாட்டேன்."

கூட்டம் கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் அதிகாரிகள், கீழே இருநூறு நாற்காலி. ஊர் அலுவலர் என்ற முறையில் எனக்கு இரண்டாவது வரிசை. அறிக்கை தயாரித்த நிறுவனத்துக்காரர் திரையில் படம் காட்டினார். உன் முறை வந்தபோது மைக்கைப் பிடித்து, உன் பெயர், ஊர் சொல்லி, "குவாரி விளிம்புல இருந்து நூத்தி நாப்பது மீட்டர்ல நாலு ஊடு இருக்குதுங்க சார்" என்றாய். மேடையிலிருந்த அதிகாரி கோப்பைப் புரட்டினார். "வீடு இல்லைன்னு வி.ஏ.ஓ. சான்று இருக்கே தம்பி. அரசாங்கச் சான்றை விட உங்க டேப்பு பெருசா?" முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். பெரியப்பாவும் சிரித்தார்.

நீ சிரிப்பு அடங்கும்வரை நின்றாய். "சான்று பெருசுதானுங்க சார். ஆனா ஊடு அங்கதானுங்க இருக்குது. வாங்க, நடந்து போய்ப் பாத்துட்டு வந்தரலாம். பத்து நிமிஷமுங்க."

அந்தச் சான்று யாருடையது என்று நீ அப்போதே சொல்லியிருக்கலாம். நீ என் பக்கம் திரும்பக்கூட இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நான் எழுந்தேன். முன்னாலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"சார், அந்தக் கையெழுத்து என்னுதுங்க. நான் நேர்ல போகலீங்க. அங்க நாலு ஊடு இருக்குதுங்க. கையெழுத்துப் போடறப்பவே எனக்குத் தெரியுமுங்க."

கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால் கவனக்குறைவு என்று முடிந்திருக்கும் என்று பிறகு எங்கள் அலுவலர் சங்கத்துக்காரர்கள் என்னைத் திட்டினார்கள். ஆனால் அதைச் சொல்லத்தான் நான் எழுந்ததே.

அதிகாரிகள் அன்றைக்கே நடந்து போய்ப் பார்த்தார்கள். மேரி முக்காலியை எடுத்துப் போட்டு அவர்களை உட்காரச் சொன்னாள். பிறகு பல துறை அதிகாரிகள் சேர்ந்து வந்து பார்க்கும் கூட்டுப் புலத்தணிக்கை நடந்தது. வடக்குப் பக்கம் தோண்டுவது நின்றது. விரிவாக்கத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. தெற்குப் பகுதியில் மட்டும், தூரம் அளந்து கல் நட்டு, வேலை தொடர்ந்தது. வண்டி ஓட்டுகிறவரின் பிழைப்பும் போகவில்லை. எனக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது, தண்டனை வந்தது, வால்பாறைக்கு மாறுதலும் வந்தது. பெரியப்பா பேச்சை நிறுத்தினார். கொடுமுடியில் நடந்த அவர் பேத்தி கல்யாணத்துக்கு நமக்கு மட்டும் பத்திரிகை வரவில்லை. அது எனக்கு வலிக்கவில்லை என்று எழுதினால் இதுவும் ஒரு பொய்ச் சான்றாகிவிடும். வலித்தது.

வால்பாறைக்குப் போவதற்கு முன் மேரி வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். "மன்னிக்கறதெல்லாம் எனக்குத் தெரியாதுங்கம்மா. கை இன்னும் முழுசா மடங்கறதில்லை. நீங்க போறதுக்குள்ள எங்க நாலு ஊட்டுக்கும் பட்டாவுக்கு எழுதிக் குடுத்துப்போட்டுப் போங்க." அந்த ஊரில் நான் எழுதிய கடைசிக் கோப்பு அதுதான். நான்கு வாசலுக்கும் நடந்து போய், ஒவ்வொரு சுவரையும் அளந்து, யார் எவ்வளவு காலமாகக் குடியிருக்கிறார்கள் என்று கேட்டு எழுதினேன். வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் எழுதியதுபோல் எழுதினேன்.

நீ அதோடு விட்டிருக்கலாம், ஜெயித்தாகிவிட்டது. நீ குவாரி அலுவலகத்துக்கே போய், வாசலில் ஒரு தகவல் பலகை வைக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் காட்டி, அதில் என்னென்ன எழுதுவது என்று மேலாளரோடு உட்கார்ந்து எழுதினாய். நில எண், தோண்ட அனுமதித்த பரப்பு, ஆழம், குத்தகை முடியும் நாள், வெடி வைக்கும் நேரம், புகார் சொல்ல வேண்டிய அலுவலகம், எல்லாம் நல்ல தமிழில். கீழே ஒரு வரைபடம். பலகை நட்ட அன்று நான் வால்பாறையில் இருந்தேன். மேரி வந்து, எழுத்துத் தெரியாததால் படத்தை மட்டும் பார்த்து, விரலை வைத்து, "இதானுங்களே என்ற ஊடு?" என்று கேட்டதை நீ போனில் சொன்னாய். எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்குப் போகிற மண்பாதையில், மழையில் நின்று அதைக் கேட்டேன். அடுத்த மாதமே பக்கத்து ஊர்க்காரர்கள் உன்னைத் தேடி வந்தார்கள், எங்கள் ஊர் குவாரிக்கும் இப்படி எழுதித் தாருங்கள் என்று. தேர்வுக்குப் படிக்கிற காலத்திலும் சனி, ஞாயிறுகளில் நீ போனாய்.

இப்போது நீயே கையெழுத்துப் போடுகிற இடத்துக்குப் போகிறாய், கண்ணு. அறிவுரை சொல்ல எனக்கு உரிமை குறைவு, அனுபவம் உண்டு. இடத்துக்கு நடந்து போ. ஜீப்பை எல்லையில் நிறுத்திவிட்டு நட. டீ கொடுத்தால் மறுக்காதே, அவமதித்ததாகிவிடும். அளந்து முடித்துவிட்டுக் குடி. பட்டா இல்லாத வீட்டிலும் அடுப்பு எரியும் என்பதை வரைபடம் உனக்குச் சொல்லாது. குவாரிக்காரர்களை எல்லாம் திருடர்களாக நினைத்துக்கொண்டு போகாதே. நம் வீட்டு அஸ்திவாரமும் யாரோ உடைத்த கல்தான், உரிமத்தில் உள்ளபடி தோண்டுகிறவர்களுக்கு உன்னால் இடைஞ்சல் வரக் கூடாது. உன் மேசையில் இருக்கும் தாளை யாராவது பார்க்கக் கேட்டால், சட்டம் தடுக்காதவரை, இழுத்தடிக்காமல் காட்டு. அதைப் பார்த்து அவர்கள் உன் தவறைக் கண்டுபிடித்தால் வெட்கப்படு, ஆனால் அன்றைக்கே எழுந்திரு. நான் பத்து வருடம் எடுத்துக்கொண்டேன். அந்தப் பத்து வருடத்துக்கு என் கை உடையவில்லை, வேறொருத்தியின் கை உடைந்தது.

இன்னும் ஒன்றை உன்னிடம் கேட்காமலேயே தெரிந்துகொண்டேன். உன்னோடு தேர்வெழுதிய உன் நண்பன் போன வாரம் வீட்டுக்கு வந்தானே, நீ கடைக்குப் போயிருந்தபோது என்னிடம் சொல்லிவிட்டான். நேர்முகத் தேர்வில் உன்னிடம், இந்த வேலைக்கு ஏன் வர நினைக்கிறாய் என்று கேட்டார்களாம். எல்லோரும் நாட்டின் கனிமவளம், வருங்காலத் தலைமுறை என்று தயார்செய்து வைத்திருந்த பதிலை நீயும் தயார்செய்திருந்தாயாம். ஆனால் அதைச் சொல்லாமல், "எங்கம்மா போய்ப் பாக்காம ஒரு கையெழுத்துப் போட்டாங்க சார். அப்புறம் இருநூறு பேருக்கு முன்னால எந்திரிச்சு அது என்னுதுன்னு சொன்னாங்க. ரெண்டாலயும் என்ன ஆச்சுன்னு நான் பக்கத்துல இருந்து பாத்திருக்கறேனுங்க. இந்த வேலை என்னன்னு எனக்கு நல்லாத் தெரியும்" என்று சொன்னாயாம்.

அதை இத்தனை மாதமும் நீ எங்களிடம் சொல்லவில்லை. நல்லது. சொல்லியிருந்தால் உன் முன்னால் அழுதிருப்பேன். இப்போது சமையலறையில் தனியாக அழுது முடித்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு இதை எழுதுகிறேன். என் பிழையை மறைக்காமல், என்னையும் விட்டுக்கொடுக்காமல், இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்த பிள்ளையைப் பெற்றிருக்கிறேன். அந்த நேர்முகத் தேர்வை நான் பார்க்கவில்லை, இந்தப் பிள்ளையை நேரில் பார்த்தேன்; எனக்கு நன்றாகத் தெரியும்; என் சொந்த அறிவின்பேரில் கையெழுத்திடுகிறேன்.

உன் அம்மா